தெருவுக்காக வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. ஒரு நிறுவனத்தில் ஆறு வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தினமும் சைக்கிளில்தான் அலுவலகம் போய் வருகிறேன். போன வருடம் என் அப்பா வீட்டுக்குப் பக்கத்தில் சாலையைக் கடக்கும்போது ஒரு வண்டி உரசித் தள்ளிவிட்டுப் போனது. காயம் ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் தனியாக வெளியே போவதில்லை. அன்றிலிருந்து தெருக்களைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன். நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஏற்ற தெருக்களுக்காகப் பேசும் வேலையை முழுநேரமாகச் செய்ய ஆசை. நான் பொறியாளர் இல்லை, நகரத் திட்டமிடல் படித்ததில்லை, கூட்டத்தில் பேசவும் வராது. இப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா? கையில் இருக்கும் வேலையை விட்டுவிடலாமா? அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என் மனதில் தங்கிவிட்ட வரி, அப்பா தனியாக வெளியே போவதில்லை என்பதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலையில் இறந்திருக்கிறார்கள். அதில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நடந்து போனவர்கள். 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் சாவுக்கு முதல் காரணமே சாலைதான். இவ்வளவு பெரிய கணக்கிலும் உங்கள் அப்பாவுக்கு இடமில்லை. பயந்துபோய் வீட்டோடு இருந்துவிட்டவரை யாரும் எண்ணுவதில்லை.

1960களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் டொனால்டு ஆப்பிள்யார்டு என்ற ஆய்வாளர், மற்றபடி ஒன்றுபோலிருந்த மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டு அங்கே குடியிருப்பவர்களிடம் பேசினார். ஒரு தெருவில் நாளைக்குச் சுமார் 2,000 வண்டிகள் ஓடும், இன்னொன்றில் சுமார் 16,000. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். வண்டி குறைந்த தெருவில் இருந்தவர்களுக்கு அதே தெருவில் மூன்று மடங்கு நண்பர்கள் இருந்தார்கள். எதுவரை உங்கள் இடம் என்று கேட்டபோது, அவர்கள் தெரு முழுவதையும் தங்களுடையதாகச் சொன்னார்கள். வண்டி நிறைந்த தெருவில் இருந்தவர்களுக்கோ அந்த எல்லை தங்கள் கட்டடத்துக்குள் சுருங்கியிருந்தது. உங்கள் அப்பாவுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. அவருடைய ஊர் வாசற்படியோடு முடிந்துவிட்டது. இந்த வேலையில் இதை மறக்காமல் இருப்பவர்கள் குறைவு. நீங்கள் இதிலிருந்துதான் தொடங்குகிறீர்கள் என்பதால் உங்கள் ஆசையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். இப்படி ஒரு வேலை இருக்கிறது. நடப்போர், சைக்கிள் ஓட்டுவோர் சார்பில் பேசும் அமைப்புகள் பல நாடுகளில் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கின்றன. சில நகர நிர்வாகங்களில் நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் என்றே தனி அலுவலர் இருக்கிறார். ஆலோசனை நிறுவனங்களிலும், பொதுச் சுகாதாரத் துறையிலும், ஆய்வு நிறுவனங்களிலும் இதே வேலை வேறு பெயரில் நடக்கிறது. பெயரைப் பார்த்துத் தேடினால் கிடைக்காது. சாலைப் பாதுகாப்பு, போக்குவரத்துக் கொள்கை, பொது இடம், முதியோர் நலம், மாற்றுத்திறனாளிகள் உரிமை என்று எந்தத் தலைப்பிலும் ஒளிந்திருக்கும்.

ஆனால் வேலையை இப்போது விடாதீர்கள். அம்மா சொல்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. நீங்கள் இன்னும் ஒரு தெருவோடுகூட முழுசாகப் பழகவில்லை, அதனால் சொல்கிறேன். முதலில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு ஒரு வருடம் அதன் கூடவே இருங்கள். அப்பா கடக்கப் பயப்படும் அந்தச் சாலையே போதும். அங்கே ஒரு சின்ன மாற்றமாவது நடக்கும் வரை அதை விடாதீர்கள். நானும் முதல் நான்கு வருடம் சம்பளம் இல்லாமல், மாலையிலும் விடுமுறையிலும்தான் இதைச் செய்தேன். அந்த நான்கு வருடத்தில் கற்றதை வைத்துத்தான் அடுத்த பதினைந்து வருடம் ஓடியிருக்கிறது. நல்ல எண்ணத்தோடு வேலையை விட்டு வந்து, எட்டாவது மாதம் சோர்ந்துபோய்த் திரும்பிய பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் உலகத்தின் எல்லா நகரங்களைப் பற்றியும் கருத்து இருந்தது. தங்கள் தெருவில் எந்தப் பொறியாளர் கையெழுத்துப் போட்டால் ஒரு கடக்கும் கோடு வரும் என்பது மட்டும் தெரியவில்லை.

நீங்கள் பொறியாளர் இல்லை என்று வருத்தப்படுகிறீர்கள். கணக்குப் பிரிவில் ஆறு வருடம் இருந்ததை ஒரு குறை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலையில் நான் அதிகம் தேடியும் கிடைக்காத ஆள் நீங்கள்தான். ஒரு தெரு எப்படி இருக்கப்போகிறது என்பது பெரும்பாலும் ஒரு வரவு செலவுத் திட்டத்தின் ஏதோ ஒரு வரியில், வரைபடம் போடுவதற்கும் முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. மக்கள் கூடி எதிர்ப்புச் சொல்லும்போது டெண்டர் முடிந்திருக்கும், ஒப்பந்ததாரர் வந்திருப்பார், ஜல்லி கொட்டியிருப்பார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு, அந்தப் பணம் எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படுகிறது, அதில் நடைபாதைக்கு என்று தனியாக ஏதாவது இருக்கிறதா, போன வருடம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவாகாமல் திரும்பிப்போனது என்று படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். எங்கள் அமைப்புகளில் ஓவியர், பேச்சாளர், புகைப்படக்காரர் எல்லாரும் இருப்பார்கள். பட்ஜெட் புத்தகத்தைப் பயமில்லாமல் திறக்கும் ஆள்தான் இருக்கமாட்டார்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு சாலையை மாற்ற மிகச் செலவு குறைந்த நேரம், அதற்கு மறுபடி தார் போடும் நேரம். பழைய கோடுகள் எப்படியும் அழிந்துபோகும். புதுக் கோடுகளை வேறு இடத்தில் போட்டால் வண்டித் தடம் குறுகும், சைக்கிளுக்கு இடம் கிடைக்கும், கடக்கும் இடத்தை மூலையிலிருந்து பார்வை படும் இடத்துக்கு நகர்த்தலாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரம் 2019இல் இதைச் சட்டமாகவே ஆக்கியது. சைக்கிள் திட்டத்தில் இடம்பெற்ற ஒரு சாலையைத் திருத்தி அமைக்கும்போது அதில் வண்டிகளிடமிருந்து தடுப்பால் பிரித்துப் பாதுகாக்கப்பட்ட சைக்கிள் பாதையும் வர வேண்டும் என்று விதித்தார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனியாகப் போராட வேண்டிய நிலை அதனால் குறைந்தது. உங்கள் பகுதியில் எந்தச் சாலைக்கு எப்போது தார் போடுவார்கள் என்ற பட்டியலை வாங்குங்கள். நான் எந்த நகரத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

அப்புறம், எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். பணத்தை எண்ணத் தெரியும்; மனிதர்களை எண்ணுவது அதைவிடக் கடினமில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த யான் கெல் ஒரு கட்டடக் கலைஞர். அவருடைய மனைவி உளவியல் படித்தவர். கட்டடக் கலைஞர்களுக்கு ஏன் மனிதர்கள்மீது அக்கறை இல்லை என்று அவர்கள் வீட்டில் எழுந்த கேள்விதான் அவரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1965இல் இருவரும் இத்தாலிக்குப் போய், சதுக்கங்களில் யார் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் குறித்தார்கள். பிறகு கோபன்ஹேகனிலும் வருடக்கணக்காக அதே வேலை. அங்கே ஸ்ட்ரோயட் என்ற கடைத்தெருவை 1962இல் நடப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றியபோது, நாம் இத்தாலியர்கள் இல்லை, இந்தக் குளிரில் யார் வெளியே நடப்பார்கள் என்று எதிர்த்தார்கள். மக்கள் நடந்தார்கள். கெல் வைத்திருந்த எண்ணிக்கை அதை மறுக்க முடியாதபடி காட்டியது. வண்டிகளை எண்ண ஒவ்வொரு நகரத்திலும் ஒரு துறை உண்டு, நடப்பவர்களை எண்ண யாரும் இல்லை என்று அவர் சொல்லிவந்தார். அந்தத் துறையாக முதலில் நீங்களே இருங்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். வேலைநாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று. ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் எண்ணினாலும் போதும். நடப்பவர், சைக்கிளில் வருபவர், சக்கர நாற்காலியில் வருபவர், தனியாக வரும் குழந்தை, கைத்தடியோடு வருபவர் என்று தனித்தனிக் கட்டம். குழந்தையும் முதியவரும் தனியாக வருகிறார்களா என்பதைக் கட்டாயம் குறியுங்கள். ஒரு தெரு நல்ல தெருவா என்று அறிய எனக்குத் தெரிந்த சிறந்த அளவுகோல் அது. கூடவே கையில் ஒரு கடிகாரம். சிக்னல் நேரத்தைக் கணக்கிட நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். 14 மீட்டர் அகலச் சாலை என்றால் 12 நொடி. முழங்கால் வலிக்கும் ஒருவர் நொடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார். அவருக்கு 17 நொடிக்கு மேல் வேண்டும். கடைசி ஐந்து நொடி அவர் நடுச்சாலையில் நிற்கிறார், எதிரே வண்டிகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. இந்த ஐந்து நொடியைத்தான் நீங்கள் நிர்வாகத்திடம் கேட்கப் போகிறீர்கள். அல்லது நடுவில் நின்றுகொள்ள ஒரு திட்டு. அல்லது இரு ஓரத்திலும் நடைபாதையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, கடக்கும் தூரத்தையே 14இலிருந்து 9 மீட்டராகக் குறைப்பது. 'பாதுகாப்பான சாலை வேண்டும்' என்ற மனுவை எந்த அதிகாரியும் தலையாட்டி வாங்கிக்கொள்வார். ஐந்து நொடி கேட்டு, கூடவே எண்ணிக்கைத் தாளையும் வைத்தால் அவர் ஏதாவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கூட்டத்தில் பேச வராது என்கிறீர்கள். என் அனுபவத்தில் தெருக்கள் மேடையில் மாறியதை விட, எதிர்ப்பவர் ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து பேசியதில் மாறியதுதான் அதிகம். கடைக்காரர்கள் முதலில் பயப்படுவார்கள், வண்டி நிறுத்த இடம் போனால் வியாபாரம் போய்விடும் என்று. அவர்களோடு சண்டை போடாதீர்கள். அவர்களுடைய பயம் பிழைப்பைப் பற்றியது. கடை வாசலில் நின்று, வருபவர்கள் எப்படி வந்தார்கள் என்று அவர்கள் சம்மதத்தோடு ஒரு வாரம் கேட்டு எழுதுங்கள். கடைக்காரர்கள் நினைத்ததைவிட நடந்து வருபவர்கள் அதிகம் இருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லாமலும் போகலாம். அப்போது அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு முறை எண்களை வளைத்துவிட்டால் அந்தத் தெருவில் உங்களை மறுபடி நம்பமாட்டார்கள்.

கேட்காமல் செய்ததால் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு நகரத்தில் சைக்கிள் பாதை ஒன்றுக்காக இரவு பகலாக உழைத்தோம். நிர்வாகமும் ஒப்புக்கொண்டது. பாதை வந்த நாளில் அழுதுவிட்டேன். இரண்டாம் வாரம் பார்வையற்ற ஒருவர் பேருந்திலிருந்து இறங்கியதும் நேராக அந்தப் பாதையில் கால் வைத்தார், வேகமாக வந்த சைக்கிள் அவர்மீது மோதியது. மணிக்கட்டு முறிந்தது. பேருந்து நிறுத்தத்தில் இறங்குபவர் எங்கே நிற்பார் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை, நிர்வாகமும் கேட்கவில்லை. ஐந்து மாதத்தில் பாதையை எடுத்துவிட்டார்கள். அவரை மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே" என்றார். அதற்குப் பிறகு எந்த வரைபடத்தையும் பார்வையற்ற ஒருவரும் சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவரும் தெருவிலேயே என்னோடு நடந்து பார்த்துச் சொல்லாமல் நான் ஆதரித்ததில்லை. நிறுத்தத்தில் ஒரு திட்டு போட்டு, சைக்கிள் பாதையை அதற்குப் பின்னால் வளைத்து, அங்கே சைக்கிள் மெதுவாகும்படி தரையை உயர்த்தி, கைத்தடிக்குத் தட்டுப்படும் புடைப்புக் கற்களும் வைத்திருக்கலாம். சைக்கிளை நேசிப்பவர்களுக்கு நடப்பவர்கள் கண்ணில் படாமல் போகும் ஆபத்து உண்டு. நீங்களும் சைக்கிள்காரர், அதனால் சொல்கிறேன்.

தற்காலிகமாகச் செய்து பார்ப்பது என்ற வழியை இதனால்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். நியூயார்க்கில் ஜேனட் சாடிக்-கான் போக்குவரத்து ஆணையராக இருந்தபோது, 2009இல் டைம்ஸ் சதுக்கத்தின் ஒரு பகுதியில் வண்டிகள் வராமல் தடுத்துவிட்டு மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். முதலில் அது சோதனை மட்டும்தான். அளந்து பார்த்து, அடுத்த வருடம் நிரந்தரம் என்று அறிவித்தார்கள். பெயிண்ட்டும் பூந்தொட்டியும் தவறாகப் போனால் ஒரே இரவில் நகர்த்திவிடலாம். கான்கிரீட்டை நகர்த்த முடியாது.

நெதர்லாந்தைப் பற்றி நீங்கள் நிச்சயம் படித்திருப்பீர்கள். அந்த ஊர்க்காரர்கள் பிறக்கும்போதே சைக்கிளோடு பிறந்தவர்கள், நமக்கு அது ஒத்துவராது என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். 1971இல் அந்தச் சிறிய நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 3,000க்கும் மேல். அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். அப்படி மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர், குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற தலைப்பில் 1972இல் எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி ஓட்டத் தடை வந்தபோது, வண்டியில்லாத சாலை எப்படி இருக்கும் என்று நாடே பார்த்தது. 1977இல் கிரோனிங்கன் நகரம் தன் மையத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாதபடி செய்தது. காரில் போக வேண்டுமானால் வெளியே வந்து சுற்றுச்சாலையில்தான் போக வேண்டும், நடப்பவரும் சைக்கிளில் வருபவரும் நேராகப் போகலாம். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று அது உலகத்தின் சைக்கிள் நகரங்களில் ஒன்று. இவ்வளவும் நடப்பதற்குள் இயக்கத்தில் இருந்த எத்தனையோ பேர் களைத்துப் போயிருப்பார்கள், எத்தனையோ கூட்டங்களில் தோற்றிருப்பார்கள். அது நமக்குச் சொல்லப்படும் கதையில் வருவதில்லை.

இந்த வேலையில் மிகக் கனமான பகுதியும் அதற்குள்தான் இருக்கிறது. பிள்ளையைச் சாலையில் இழந்தவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். அவர்களுடைய துக்கம் நம் போராட்டத்துக்கு உதவும் பொருள் கிடையாது. பேச விரும்பினால் அவர்கள் பேசட்டும், பக்கத்தில் இருங்கள். விரும்பாவிட்டால் அந்தப் பெயரை எந்தப் பதாகையிலும் எழுதாதீர்கள். "விதி" என்று யாராவது அவர்களிடம் ஆறுதல் சொல்வதைக் கேட்பீர்கள். நம் மொழியில் தலையெழுத்துக்கும் விதி என்றுதான் பெயர், சட்டத்துக்கும் விதி என்றுதான் பெயர். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி 30இல் வருவதைவிட நான்கு மடங்கு ஆற்றலோடு மோதுகிறது. 30 என்று விதித்து, அந்த வேகத்துக்கு மேல் போக மனம் வராதபடி தெருவையும் குறுக்கியிருந்தால் பல குழந்தைகள் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். இதை அந்தத் தாயிடம் சொல்லாதீர்கள். வேகத்தை முடிவு செய்யும் இடத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். 2019இல் நார்வேயின் ஆஸ்லோவில் நடந்துபோன, சைக்கிளில் போன ஒருவர்கூடச் சாலையில் இறக்கவில்லை. அதே வருடம் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நடந்துபோன ஒருவர்கூட இறக்கவில்லை. பெரிய நகரங்களிலேயே இது முடிந்திருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சோர்ந்துபோகும் நாட்களில் எனக்கு அது கைகொடுக்கிறது.

இனி அம்மாவின் கவலை. அது நியாயமானது. அமைப்புகளின் பணம் பெரும்பாலும் நிதியுதவியில் வருகிறது, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருக்கும், சில சமயம் புதுப்பிக்கமாட்டார்கள். இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவாகவே கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு திட்டமிடுங்கள். ஒரு வருடச் செலவுக்கு மேல் கையில் சேர்ந்த பிறகே முழுநேரத்துக்கு வாருங்கள். அதற்கு முன்பு, உங்கள் பகுதியில் இருக்கும் ஏதாவது ஓர் அமைப்பின் கணக்கை மாதம் இரண்டு நாள் பார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். அப்படி உள்ளே போனவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உட்காருவார்கள், எல்லாத் திட்டமும் அவர்கள் கண்ணில் படும். ஒரு வருடத்தில் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா, அல்லது அதைப் பற்றிப் படிப்பது மட்டும்தான் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இரண்டில் எதுவாக இருந்தாலும் தவறில்லை.

நகரத் திட்டமிடல் படித்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டத்துக்கு அவசரப்பட வேண்டாம். சாலை வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு பொறியாளர் நண்பரும் ஒரு மாதமும் போதும். தட அகலம், மூலை வளைவின் அளவு, தரை உயரம் இந்த மூன்றும் புரிந்தால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. மூலை வளைவு பெரிதாக இருந்தால் வண்டி வேகம் குறைக்காமல் திரும்பும், சிறிதாக இருந்தால் மெதுவாகித்தான் ஆக வேண்டும். அப்பாவை உரசிய வண்டி திரும்பும்போது உரசியதா, நேராக வந்து உரசியதா? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்துத்தான் அந்த இடத்தில் என்ன கேட்பது என்பது மாறும்.

வரும் வாரம் அப்பாவிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் காலையில் ஒரு முறை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கடக்க வேண்டாம். ஓரத்தில் நின்று, எந்தப் பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு அவர் அதிகம் பயப்படுகிறார், எங்கே நின்றால் அவருக்குத் தைரியமாக இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிக்கைத் தாளின் முதல் பக்கமாக அதை வைத்து எனக்கு அனுப்புங்கள். என்ன கேட்டு மனு எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம்.